முன்காலுக்குள் ஒரு நீல வளையம்

மகனுக்கு,

இதைத் தேவாலயத்துப் பாதரின் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவர் வவுனியா போய், அங்கிருந்து கொழும்புக்குப் போய், நீ தங்கியிருக்கும் அறையைத் தேடிப் பிடித்துத் தருவதற்குப் பத்து நாளாவது ஆகும் என்றார். நீ அங்கே வெளிநாட்டுப் பயணத்துக்கு நாள் பார்த்துக்கொண்டு இருப்பாய். அம்மா சுகம். மழை பிந்திவிட்டது, மாடுகள் மெலிந்துவிட்டன. இதையெல்லாம் எழுதுகிறேன் என்பதற்காக நான் ஆறிப்போய் இருக்கிறேன் என்று நினைக்காதே. மூன்று தாள்களைக் கிழித்துப் போட்ட பிறகுதான் இது நாலாவது. கிழித்தவற்றில் இருந்த சொற்களை ஒரு தகப்பன் எழுதக் கூடாது. ஆனால் அவற்றில் ஒன்றுகூட உனக்குப் பொருந்தாமல் இல்லை.

நீ போன மூன்றாம் கிழமை, முருங்கைக்குக் கீழே மூன்று வருடமாக ஓலை மூடிக் கிடந்த மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்தேன். அம்மாவை மாதம் ஒருமுறை ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது. அவருடைய இடுப்பு சைக்கிள் கரியரில் இருக்க விடுவதில்லை. அந்த வண்டியை உனக்குத் தெரியும். நீ பள்ளிக்கூடத்தில் அரிவரி வகுப்புக்குப் போகத் தொடங்கிய வருடம் வாங்கியது. இரட்டைச் சிலிண்டர், அகலமான இருக்கை, நெடுந்தூரம் ஓடுவதற்கென்றே செய்தது. நல்ல காலத்தில் பரந்தனில் இருந்து ஓமந்தை வரை போய், வழியெல்லாம் மாடுகளுக்கு ஊசி போட்டுவிட்டு, பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருக்கிறேன். பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெய் குடித்துக்கொண்டும் முனகாமல் ஓடியது. கிளிநொச்சியை விட்டு ஓடி வந்தபோது உன்னையும் அம்மாவையும் இரண்டு நெல் மூட்டையையும் ஒரே தடவையில் சுமந்து வந்ததும் அதுதான்.

முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹாண்டிலை அழுத்திப் பார்த்தேன். முன்பக்கம் ஒரு எதிர்ப்பும் இல்லாமல் இறங்கி, அடியில் போய் டக்கென்று இடித்தது. உள்ளே எண்ணெய் இல்லை. முன் ஃபோர்க்கின் இரண்டு கால்களையும் பெருவிரலால் தடவினேன். இடது கால் சுத்தமாகக் காய்ந்திருந்தது. வலது காலில் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து, கறுத்த பிசினாகச் சில்லின் அச்சு வரைக்கும் ஒழுகி இறுகியிருந்தது. ஒவ்வொரு காலும் ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் ஏறி இறங்குவது. உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் அளவான எண்ணெயும் இருக்கும். அந்த எண்ணெயை வெளியே விடாமல் காப்பது குழாயின் வாயில் இருக்கும் ஒரு சின்ன வளையம். அந்த வளையம் போனால் எண்ணெய் ஒழுகும், ஒழுகினால் பிரேக்குக்குள் இறங்கும், இறங்கினால் என்ன நடக்கும் என்பது நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

உனக்குத் தெரிந்த கதையைத்தான் திரும்பச் சொல்கிறேன். இதுவரை அதை நான் சொல்லி நீ கேட்டிருக்கிறாய், எனக்குத் தெரிந்த அளவில். வன்னிக்குள் ஆமி உதிரிப்பாகம் ஒன்றும் வர விடாத அந்த நாட்களில் சவிரிமுத்து அண்ணைதான் அந்த வளையங்களைத் தோலில் செய்து தந்தார். முல்லைத்தீவுக் கரையில் படகு என்ஜின் திருத்திக்கொண்டிருந்த மனிதர், இடம்பெயர்ந்து வந்து நம் சந்திக்குப் பக்கத்தில் ஒரு கொட்டில் போட்டிருந்தார். சைக்கிள் பம்புக்குள் இருக்கும் தோல் வாசரைப் பார்த்து அவருக்கு அந்த யோசனை வந்தது. செத்த எருமையின் தோல் நான் கொண்டுபோய்க் கொடுத்தது. அதைத் தண்ணீரில் ஊறவைத்து, வட்டமாய் வெட்டி, மர அச்சில் அழுத்திக் காயவைத்து, தேங்காய் எண்ணெயில் ஒரு கிழமை போட்டு வைத்தார். ஃபோர்க் எண்ணெய்க்குத் தையல் மெசின் எண்ணெயையும் வடித்தெடுத்த பழைய என்ஜின் எண்ணெயையும் கலந்தார். சின்னப் போத்தல் ஒன்றில் கோடு போட்டு, ஒரு காலுக்கு அந்தக் கோடு வரைக்கும்தான் என்று எனக்கும் உனக்கும் சேர்த்துச் சொன்னார். "கூட்டி ஊத்தக் கூடாது தம்பி. உள்ளுக்க காத்துக்கும் கொஞ்சம் இடம் வேணும்," என்றார். ஒன்றரை வருடம் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

பிறகு நான் மலேரியாவில் படுத்தேன். எழும்பிய கிழமைதான் வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கல் வந்தது. அம்மா நேர்த்தி வைத்திருந்தார். அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு குளக்கட்டில் இருந்து இறங்கும்போது முன்னால் ஒரு மாட்டு வண்டில் குறுக்கே திரும்பியது. முன் பிரேக்கை இறுக்கினேன். பிடிக்கவில்லை. பின் பிரேக் மட்டும் பிடித்து வண்டி சறுக்கியது. நான் சிராய்ப்போடு எழும்பினேன். அம்மா எழும்பவில்லை. பிறகு முன் சில்லைக் கழற்றிப் பார்த்தபோது பிரேக் முழுக்க எண்ணெயில் குளித்திருந்தது. உன்னிடம் கேட்டேன், "நீ ஏதும் கழட்டினனியோ?" என்று. "இல்லையப்பா, நான் தொடவேயில்லை," என்றாய். அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு, வண்டியை உன்னைக்கொண்டே உருட்டுவித்து, சவிரிமுத்து அண்ணையின் கொட்டிலுக்குப் போனேன்.

பொங்கலுக்கு வந்த சனம் சந்தியில் நிறைந்து நின்றது. அத்தனை வருடம் அண்ணை என்று கூப்பிட்ட மனிதரை அன்று நீ என்று கூப்பிட்டேன். "என்ர மனிசியை முடமாக்கிப்போட்டாய். உன்ர கையும் ஒரு கையோ?" என்று கேட்டேன். இன்னும் கேட்டேன், எழுத மாட்டேன். அவர் முன் சில்லுக்குப் பக்கத்தில் குந்தினார். வலது காலில் இருந்த புழுதி மூடியைப் பெருவிரலால் நெம்பி உயர்த்தினார். ஒரு கணம் பார்த்தார். நிமிர்ந்து, ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்ற உன்னைப் பார்த்தார். மூடியை இருந்தபடியே இறக்கிவிட்டார். "ஓம் தம்பி, என்ர பிழைதான். தோல் விட்டுப்போச்சு," என்றார். குற்றவாளியே ஒப்புக்கொண்ட பிறகு எனக்கு வேறு சாட்சி எதற்கு? அதோடு அந்தக் கொட்டிலுக்கு ஆட்கள் போவது நின்றது. சவிரியிடம் வண்டியை விட்டால் மனிசியோடு விழ வேண்டும் என்று பகிடி விட்டார்கள். அந்தப் பகிடிக்கு நானும் சிரித்திருக்கிறேன். மூன்று மாதத்தில் அவர் கொட்டிலைப் பிரித்துக்கொண்டு கரைக்கே போய்விட்டார். நான் வண்டியை ஓலையால் மூடிவிட்டுச் சைக்கிளில் மாடு பார்க்கப் போனேன்.

இனி நீ அறியாததைச் சொல்கிறேன். இல்லை, நீ முதலே அறிந்து நான் பிந்தி அறிந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இடது காலைக் கழற்றினேன். தோல் வளையம் செய்து போட்ட நாளில் இருந்தது போலவே இருந்தது, ஒரு இழை பிரியவில்லை. அப்போதே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. வலது காலின் மூடியை நெம்பினேன். உள்ளே தோல் இல்லை. நீல நிறத்தில் றப்பர் இருந்தது. எண்ணெயில் ஊறி உப்பி, தேநீரில் தோய்த்த பாண் போல விரலோடு பிய்ந்து வந்தது. றப்பருக்கும் அந்த எண்ணெய்க்கும் ஒத்துவராது என்று எனக்கு முதல் நாளே சொன்ன மனிதர் சவிரிமுத்து அண்ணை. அவர் அதைப் போட்டிருக்க மாட்டார். எண்ணெயின் அளவைக் காட்டிய மனிதர், றப்பர் கூடாது என்று சொன்ன மனிதர், அவருடைய கை அங்கே இல்லை. வேறொரு கை அந்தக் காலைத் திறந்து மூடியிருக்கிறது. நான் மலேரியாவில் கிடந்த இரண்டு கிழமையும் வண்டி யாருடைய கையில் இருந்தது என்று யோசிக்க எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

அம்மா குசினிக்குள் இருந்தார். வளையத்தின் துண்டை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். என்ன இது என்று அவர் கேட்கவில்லை. மகன், அதை நன்றாக யோசித்துப் பார். ஒரு பெண் தன் புருசன் கையில் கொண்டுவந்து காட்டும் ஊத்தைத் துண்டைப் பார்த்து, இது என்ன என்று கேட்காமல் அடுப்பைத் தணித்தார். "அது என்ர செருப்பு," என்றார். "எப்ப தெரியும் உமக்கு?" என்று கேட்டேன். "விழுந்து மூண்டாம் நாள். ஆசுபத்திரி வாட்டுக்கு வந்து என்ர காலைப் பிடிச்சுக்கொண்டு அழுதவன். அதுக்கு முதலே செருப்பில வட்டமா ஓட்டை விழுந்திருந்ததைக் கண்டனான். கேக்காமல் விட்டிட்டன்." அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. மூன்று சிநேகிதர்களை ஏற்றிக்கொண்டு பந்து விளையாட்டுப் பார்க்கப் போனாய். பாரத்தில் முன்பக்கம் தொய்ந்தது. எண்ணெய் கூடினால் விறைக்கும் என்று நினைத்தாய். இடது காலின் மேல் மூடி கழறவில்லை, வலது காலில் மட்டும் கொள்ளும் மட்டும் ஊற்றினாய். அடுத்த குழியில் தோல் வளையம் தெறித்து வெளியே வந்தது. செருப்பை வெட்டி ஒரு வளையம் செய்து, துடைத்து, மூடி, வண்டியைத் திரும்ப அதே இடத்தில் நிறுத்தினாய். நான் எழும்பி வந்து பார்த்தபோது அது பளபளவென்று இருந்தது. மகன் கழுவி வைத்திருக்கிறான் என்று சந்தோசப்பட்டேன்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று அம்மாவைக் கேட்டேன். "சொன்னா நீங்கள் கை நீட்டுவீங்கள். நீங்கள் கை நீட்டினா அவன் படலையைத் திறந்துகொண்டு போயிடுவான். போனா எங்க போவான் எண்டு உங்களுக்குத் தெரியாதே?" என்றார். அந்த வருடங்களில் வீட்டில் கோபித்துக்கொண்டு படலையைத் திறந்த பிள்ளைகள் இயக்கத்துக்குப் போய்த் துவக்கோடு திரும்பி வந்தார்கள், அல்லது பெட்டியில் வந்தார்கள், அல்லது வரவேயில்லை. ஒவ்வொரு வீட்டிலும் தாய்மார் பிள்ளைகளின் களவை மறைத்தார்கள், பொய்யை மறைத்தார்கள், பரீட்சையில் விட்ட கோட்டையை மறைத்தார்கள். அது எனக்கும் தெரியும். பக்கத்து வீட்டுப் பெண்கள் அப்படிச் செய்தபோது நல்ல காரியம் என்று சொன்னவன்தான் நான். என் வீட்டிலும் அது நடக்கிறது என்று மட்டும் நினைக்கவில்லை. மூன்று வருடம் ஒரே பானைச் சோற்றைத் தின்றோம். நான் சவிரிமுத்துவைத் திட்டாத கிழமை கிடையாது. திட்டும்போதெல்லாம் நீங்கள் இருவரும் தலையைக் குனிந்து சாப்பிட்டீர்கள். எனக்கு மரியாதை தருகிறீர்கள் என்று நினைத்தேன்.

இங்கே என் பிழையையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கடிதத்துக்கு யோக்கியதை இல்லை. உனக்குப் பதினான்கு வயதில் என் கண்ணாடி ஊசிக் குழலை உடைத்தாய். அப்போது வன்னிக்குள் இன்னொன்று வாங்க முடியாது, அது எனக்குக் கைபோல. நான் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே நீ எதிரே வந்து, "அப்பா, நான்தான் உடைச்சனான்," என்று சொன்னாய். ஒருவரும் கேட்கவில்லை, நீயாகச் சொன்னாய். நான் இடுப்புப் பட்டியைக் கழற்றினேன். அம்மா குறுக்கே வந்தும் நிறுத்தவில்லை. அன்றைக்குப் பிறகு நீ எனக்கு ஒன்றையும் நீயாகச் சொன்னதில்லை. அதை நான் கவனித்தேன். பிள்ளை வளர்ந்து அடக்கமாகிவிட்டான் என்று எடுத்துக்கொண்டேன். நீ எங்காவது பிள்ளை பெற்றால், அது தன் பிழையோடு உன் முன்னால் வந்து நிற்கும் முதல் நாளில் உன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள். எனக்கு அந்த ஒரு நாள் இருந்தது, விட்டுவிட்டேன். ஆனால் மகன், பதினான்கு வயதில் வாங்கிய அடி பதினெட்டு வயதில் செய்ததற்குப் பாதிக் கணக்குத்தான். அந்தச் சந்தியில் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றது நீ. ஒரு மனிதர் உன் பிழையைத் தன் வாயால் எடுத்துக்கொண்டபோது கேட்டுக்கொண்டு நின்றதும் நீ.

அடுத்த ஞாயிறு சைக்கிளை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். சவிரிமுத்து அண்ணை கரைவலைக் கயிற்றில் நின்றார். அறுபதை நெருங்கும் ஆள், ஒரு தோள் பழுது, இளைஞர்களோடு சேர்ந்து கயிறு இழுக்கிறார். என்னைக் கண்டதும் கயிற்றை விடவில்லை. வலை கரைக்கு வரும் வரைக்கும் மணலில் நின்றேன். பிறகு வீட்டுக்குக் கூட்டிப்போய்க் குசினிக்குள் ஒரு கதிரையைப் போட்டு இருத்தினார். அவருடைய மனைவி திரேசா அக்கா பால் விடாத பிளேன்ரீ வைத்தாரா என்று நீ கேட்டால் சொல்வேன், வைத்தார், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அந்த நீலத் துண்டை எடுத்து வைத்தேன். அண்ணை அதை விரலால் தொடக்கூட இல்லை. "அண்டைக்கே கண்டனான் தம்பி," என்றார்.

அவருக்கும் தெரியும். மூடியை உயர்த்திய அந்தக் கணத்திலேயே தெரியும். "கண்டுபோட்டு ஏன் அண்ணை உங்கட பிழை எண்டு சொன்னனீங்கள்?" என்று கேட்டேன். அவர் சுவரில் இருந்த மூத்த மகள் றெஜினாவின் படத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பெடியன்ர கையில ஹாண்டில் நடுங்குது. நீர் நிண்ட நிலையில, உண்மையைச் சொன்னா அந்த இடத்திலயே அடிச்சிருப்பீர், சந்தி முழுக்கப் பார்த்துக்கொண்டு நிக்கும். பிறகு அவன் வீட்டை வந்திருப்பானோ? என்ர பிள்ளையை நான் ஒரு பேச்சில அனுப்பினனான். ஒரு சின்ன விசயம், சட்டை தைக்கிற விசயம். பேசினன், போனாள். இன்னொருத்தற்ற பிள்ளையையும் அனுப்பச் சொல்லுறீரோ?" இதைச் சொல்லிவிட்டுப் பிளேன்ரீயைக் குடிக்கச் சொன்னார். குடித்தேன்.

சைக்கிளில் திரும்பும்போது எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம்தான் கூட. நீ ஏமாற்றினாய், அம்மா ஏமாற்றினார், நான் ஊரைக் கூட்டி ஏசிய மனிதரும் உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்து என்னை ஏமாற்றினார். மூன்று பேரும் சேர்ந்து எடுத்த முடிவு ஒன்றுதான். இந்த மனிதனிடம் உண்மையைக் கொடுக்க முடியாது, கொடுத்தால் பிள்ளை பிழைக்காது. நீங்கள் மூவரும் பேசி வைத்துக்கொண்டு செய்திருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும். பேசாமலே மூவருக்கும் அது தெரிந்திருக்கிறது. நீ உயிரோடு கொழும்பில் இருப்பதற்கு அந்தப் பொய் காரணம் என்று நினைக்கும்போது நான் நன்றி சொல்ல வேண்டும். அந்த இடத்தில் நின்றுகொண்டு எனக்கு நன்றி வரவில்லை. இதற்கு நீ என்னை மன்னிக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் வைத்துக்கொள். தன்மேல் விழும் பழியை ஒருவர் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டால் அவரைக் குற்றவாளி என்று எண்ணாதே, அவருக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார். நான் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்திலேயே நீ நின்றாய்.

அன்று புறப்படும்போது மன்னிப்புக் கேட்டேன். சவிரிமுத்து அண்ணை, "விடும் தம்பி, பழைய கதை. பெடியனுக்கு ஒண்டும் எழுதிப்போடாதையும். தூரப் போற பிள்ளை," என்றார். அப்போதுதான் திரேசா அக்கா முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "ஏசினது சனத்துக்கு முன்னால. மன்னிப்பு மட்டும் குசினிக்குள்ளயோ?" என்று கேட்டார். அண்ணை அவரை அதட்டினார். அவர் நகரவில்லை. "இந்த மனிசன் என்ஜின் சத்தத்தைக் கேட்டே பழுதைச் சொல்லுற ஆள். இப்ப ஒருத்தரும் ஒரு ஆணியைக்கூட நம்பிக் குடுக்கினமில்லை. கயித்தில கிடந்து சாகிறார். உங்களுக்கு இண்டைக்கு நித்திரை வரும். இவருக்கு ஆர் அந்தப் பேரைத் திருப்பித் தாறது?" அந்தக் கேள்வியோடு சைக்கிளை எடுத்தேன். அதற்குப் பதில் இப்போது என்னிடம் இருக்கிறது.

வருகிற மாதத்து முதல் ஞாயிறு, அவர்களுடைய கோவிலில் பூசை முடிந்து சனம் வெளியே வரும்போது நான் வாசலில் நிற்பேன். பாதரிடம் அனுமதி கேட்டுவிட்டேன். அதன் பிறகு நம் சந்தியிலும் சொல்வேன். சவிரிமுத்து அண்ணை செய்த வளையம் மூன்று வருடம் கழித்தும் புதிதாக இருக்கிறது என்று இடது காலின் தோலைக் காட்டுவேன். வலது காலைக் கழற்றியது என் மகன் என்று உன் பெயரைச் சொல்வேன். யாரோ கழற்றிவிட்டார்கள் என்று சொன்னால் போதாதா என்று அம்மா கேட்டார். போதாது. யாரோ என்றால் சனம் திரும்பவும் அவரைத்தான் நினைக்கும். அவருடைய பெயரைத் துடைக்க உன் பெயரைத் தவிர வேறு சீலை என்னிடம் இல்லை. அதோடு என்னைப் பற்றியும் சொல்வேன், என் வீட்டில் உண்மை பேச ஏன் ஆட்கள் பயந்தார்கள் என்று. அம்மா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. நீயும் பேசாமல் விடலாம். இப்போது நீ எந்தப் படலையையும் திறந்துகொண்டு போக முடியாத தூரத்தில் இருக்கிறாய், அதனால் இனி ஒருவரும் உனக்காகப் பயந்து வாயை மூடத் தேவையில்லை.

பாதர் சொன்ன பத்து நாளோடு இன்னும் ஒரு கிழமையைக் கூட்டித்தான் அந்த ஞாயிறைக் குறித்தேன். இந்தக் கடிதம் உன் கையில் கிடைத்து, நீ இரண்டு தரம் வாசித்து, என்னைத் திட்டி முடித்த பிறகே நான் அந்த வாசலில் நிற்பேன். உன்னைப் பற்றி ஊர் முழுக்க அறிந்திருக்க, நீ மட்டும் ஒன்றும் அறியாமல் இருக்கக் கூடாது. அப்படி இருப்பது என்ன மாதிரி என்று எனக்குத் தெரியும்.

அப்பா